விசிறி சுற்றுகிறது, ஈரம் போகவில்லையே ஏன்?

கேள்வி: எங்கள் குளியலறை 8 அடிக்கு 6 அடி, உயரம் 9 அடி. கதவுக்கு எதிர்ச் சுவரில், கூரையை ஒட்டி, சாய்வான கண்ணாடிப் பட்டைகள் போட்ட வென்டிலேட்டர் இருக்கிறது. அதன் ஒரு பாதியில் பட்டைகளைக் கழற்றிவிட்டு 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தோம். ஓராண்டாகியும் பலன் தெரியவில்லை. குளித்து அரை மணி நேரமானாலும் முகம் பார்க்கும் கண்ணாடியில் படிந்த ஆவி போவதில்லை. கூரை மூலையில் கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. எலக்ட்ரீஷியன் மீதிப் பாதியையும் மூடச் சொன்னார். மூடினோம்; இப்போது ஃபேனைப் போட்டால் சாக்கடை நாற்றம் வருகிறது. 10 அங்குல ஃபேன் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்கிறார். வாங்கலாமா?

இன்னொன்று. அப்பாவுக்காகக் கீழே ஓர் அறையைச் சீரமைக்கிறோம். அதை ஒட்டிய குளியலறைக்கு வெளிச்சுவரே இல்லை. காற்றுக்கும் குழாய்களுக்குமாகக் கட்டடத்தில் விட்டிருக்கும் செங்குத்தான இடைவெளி, அதாவது ஷாஃப்ட், 12 அடி தள்ளி இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் போட்டு அதில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துவிடலாம், ஃபேன்தான் இருக்கப்போகிறதே, பின்புறம் திறந்தவெளியில் இருக்கும் கேஸ் கீசரையும் அந்தக் குளியலறைக்குள்ளேயே மாற்றிவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

பதில்: கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவை இரண்டு நாள் காத்திருக்கலாம். இது காத்திருக்கக் கூடாது. கேஸ் கீசரைக் குளியலறைக்குள் கொண்டுவர வேண்டாம். இப்போது இருக்கும் திறந்தவெளியிலேயே அது இருக்கட்டும். அங்கிருந்து அப்பாவின் குளியலறைக்கு வெந்நீர்க் குழாய் மட்டும் வரட்டும். குழாய் நீளமாக இருந்தால் அதன்மேல் வெப்பக் காப்பு உறை சுற்றச் சொல்லுங்கள். வெந்நீர் வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஒப்பந்தக்காரர் காரணம் கேட்பார். அதையும் சொல்கிறேன். கேஸ் எரிய ஆக்ஸிஜன் வேண்டும். ஜன்னலில்லாத சிறிய அறையில் கதவைச் சாத்திவிட்டு கீசரை ஓடவிட்டால் அறையின் ஆக்ஸிஜன் குறைந்துகொண்டே வரும். அது குறையக் குறைய கேஸ் முழுமையாக எரியாது. கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலிக்கும், பிறகு தலைசுற்றும், குமட்டும், கால் துவளும். வயதானவர் அதை அசதி என்று நினைத்துக் கொஞ்சம் உட்கார்ந்துகொள்வார். கதவு உள்ளே தாழிட்டிருக்கும். அதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை.

"ஃபேன்தான் இருக்கிறதே" என்ற பேச்சுதான் என்னை மிகவும் கலங்க வைக்கிறது. இறுக்கமாக மூடிய அறையிலிருந்து ஃபேன் காற்றை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. கீசரின் புகைக்குழாய் வழியாக மேலே போக வேண்டிய புகையை அந்தக் குறைந்த அழுத்தம் திரும்ப அறைக்குள்ளேயே இழுத்துவிடலாம். காப்பாற்றும் என்று நம்பி வைத்த ஃபேனே ஆபத்தைக் கூட்டும். மின்சாரம் போய்விட்டால் அந்த ஃபேனும் இல்லை. கீசர் உள்ளேதான் வேண்டும் என்றால், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியிலேயே விடும், அறையோடு தொடர்பே இல்லாத மூடிய வகைக் கீசர்கள் உண்டு. அது கிடைக்காவிட்டால் மின்சார கீசர் வையுங்கள். ஏற்கெனவே குளியலறைக்குள் சாதாரண கேஸ் கீசர் வைத்திருக்கும் வாசகர்கள் அதை இடம் மாற்றும்வரை ஒன்று செய்யுங்கள்: கதவை அகலத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடியுங்கள், கீசரை அணைத்துவிடுங்கள், புகை விலகும்வரை பொறுத்திருந்து அதன் பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள்.

இனி உங்கள் முதல் குளியலறைக்கு வருகிறேன். 10 அங்குல ஃபேன் வேண்டாம். இப்போது இருப்பதே அநேகமாகப் போதும்.

வென்டிலேட்டரின் பாதி திறந்திருந்தபோது ஈரம் போகவில்லை. முழுவதும் மூடியபோது நாற்றம் வந்தது. இரண்டும் வேறு வேறு தொல்லைகளாகத் தெரியும், ஆனால் காரணம் ஒன்றே. உங்கள் குளியலறைக்குள் சரியான இடத்தில் காற்று நுழைய வழியில்லை. ஃபேன் காற்றை உண்டாக்குவதில்லை. எவ்வளவு வெளியே தள்ளுகிறதோ அவ்வளவு உள்ளே வந்தாக வேண்டும். எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஈரம் போவதும் போகாததும்.

இதே அமைப்புள்ள ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கும் பாதி ஃபேன், பாதி கண்ணாடிப் பட்டை. ஃபேன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. குளியலறைச் சுவரிலோ நீர் வழிந்துகொண்டிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, மெல்லிய டிஷ்யூ காகிதத்தை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து ஃபேனின் முன்னால் பிடித்தேன். பட்டென்று வலையில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர், "பாருங்கள், நன்றாகத்தானே இழுக்கிறது!" என்றார். அந்தக் காகிதத்தை ஒரு சாண் நகர்த்திக் கண்ணாடிப் பட்டைகளின் முன்னால் கொண்டுபோனேன். அது அறையின் உள்பக்கமாகச் சாய்ந்து படபடத்தது. இறங்கி வந்து, மூடிய கதவின் அடியில் பிடித்தேன். அசையவே இல்லை. நான் விளக்கம் சொல்வதற்கு முன்பே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெளிக்காற்று பட்டைகள் வழியாக நுழைந்து, ஒரு சாண் தூரம் நடந்து, ஃபேன் வழியாகத் திரும்ப வெளியே போய்க்கொண்டிருந்தது. அறைக்குள் இருந்த ஈரக்காற்று நின்ற இடத்திலேயே நின்றது.

ஆகவே ஃபேன் இழுக்கிறதா என்று ஃபேனுக்கு முன்னால் மட்டும் சோதித்தால் ஏமாந்துபோவோம். கதவடியில் சோதியுங்கள். அங்கே காகிதம் உள்நோக்கி ஆடினால்தான் காற்று அறை முழுவதையும் கடந்து போகிறது என்று பொருள்.

எலக்ட்ரீஷியன் மீதிப் பட்டைகளை மூடச் சொன்னது சரியான யோசனைதான். அதில் பாதி வேலையோடு நிறுத்திவிட்டார். மேலே மூடினால் கீழே திறந்துவிட வேண்டும். உங்கள் கதவு ஈரம் ஏறாத பிவிசி கதவாக, கீழ்ப்படிக் கல்லோடு ஒட்டி உட்காரும் வகையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். பெரும்பாலான புதிய குளியலறைகளில் அப்படித்தான் பார்க்கிறேன். தண்ணீர் வெளியே வரக் கூடாது என்று கவனமாகச் செய்கிறார்கள், காற்றை மறந்துவிடுகிறார்கள். அப்படி அடைத்த அறையில் ஃபேன் ஓடும்போது எங்கே சிறு துளை கிடைக்கிறதோ அங்கிருந்து காற்று வரும். உங்கள் வீட்டில் அது வடிகால் குழாயிலிருந்து வந்திருக்கிறது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் உங்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. தரையில் தண்ணீர் போகும் சல்லடையைத் தூக்கிப் பார்த்தால் கீழே ஒரு கிண்ணம் அல்லது வளைவு தெரியும். பிளம்பர்கள் ட்ராப் என்பார்கள். அதில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கும் மூடி. வழக்கமாக அதன் ஆழம் சுமார் 50 மில்லிமீட்டர். அந்தத் தண்ணீரை இழுத்து உடைக்க ஏறக்குறைய 500 பாஸ்கல் அழுத்தம் வேண்டும். சுவரில் வைக்கும் சிறிய ஃபேனால் அதில் பத்தில் ஒரு பங்கைத் தருவதே பெரிது. அதாவது ட்ராப்பில் தண்ணீர் சரியாக நின்றால் உங்கள் ஃபேனால் சாக்கடைக் காற்றை இழுக்க முடியாது. நாற்றம் வருகிறது என்றால் எங்கோ அந்த மூடி இல்லை. ஃபேன் அந்தக் குறையைக் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

தேட வேண்டிய இடங்கள் அதிகமில்லை. குளிக்கும் இடத்தில் ஒரு சல்லடை இருக்கும். அதில் தினமும் தண்ணீர் போவதால் அது வறண்டிருக்காது. வாஷ்பேசினுக்கு அருகிலோ வாஷிங் மெஷினுக்கென்றோ இன்னொன்று இருந்தால் சந்தேகம் அதன்மேல்தான். தண்ணீர் விழாத ட்ராப் சில வாரங்களில் வற்றிவிடும். ஒரு குவளை தண்ணீரை ஊற்றிவிட்டு ஃபேனைப் போட்டுப் பாருங்கள். நாற்றம் நின்றால் வாரம் ஒரு முறை ஊற்றினால் போதும். நிற்காவிட்டால் வாஷ்பேசினின் கழிவுக்குழாய் சுவரிலோ தரையிலோ நுழையும் இடத்தைப் பாருங்கள். நெளிகுழாயை அகலமான துளைக்குள் சும்மா செருகிவிட்டு, சுற்றிலும் உள்ள இடைவெளியை அப்படியே விட்டுவிடுவது நான் அடிக்கடி காணும் குறை. அதற்கென்றே ரப்பர் வளையம் கிடைக்கிறது. கழிப்பறைக் கோப்பை தரையோடு சேரும் இணைப்பு அடுத்தது. அங்கே கசிவு என்றால் பிளம்பர் வந்தாக வேண்டும். இதையெல்லாம் சரிசெய்யாமல் 10 அங்குல ஃபேன் வைத்திருந்தால் அதே துளைகள் வழியாக இன்னும் வேகமாக நாற்றத்தை இழுத்திருப்பீர்கள்.

இப்போது கதவு. கதவின் அடிவிளிம்புக்கும் கீழ்ப்படிக்கும் இடையில் 2 சென்டிமீட்டர் இடைவெளி வருமாறு தச்சரிடம் சொல்லி அறுத்துவிடுங்கள். 75 சென்டிமீட்டர் அகலமுள்ள கதவு என்றால் திறப்பு 150 சதுர சென்டிமீட்டர். உங்கள் 6 அங்குல ஃபேனின் வாய் ஏறக்குறைய 175 சதுர சென்டிமீட்டர். நுழையும் வழியும் போகும் வழியும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். பிவிசி கதவை அறுத்தால் அதன் உள்கூடு வெளியே தெரியும். அறுத்த விளிம்பைப் பட்டை வைத்து அடைக்கச் சொல்ல மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஏறும். அறுக்க மனமில்லையென்றால் கதவின் கீழ்ப்பகுதியில் சாய்பட்டை வைத்த காற்றுச் சட்டம் பொருத்தலாம். தலைகீழ் 'வி' வடிவப் பட்டைகள் வைத்தது கிடைத்தால் வாங்குங்கள். காற்று போகும், பார்வை போகாது.

வென்டிலேட்டரின் மீதிப் பாதியை அட்டை வைத்து மூடியிருந்தால் அதை எடுத்துவிட்டு ஒரே கண்ணாடியாகப் போட்டு, விளிம்பில் சிலிகான் பூசுங்கள். வெளிச்சம் வரும், காற்று வராது. ஃபேன் இருக்கும் இடம் நல்ல இடம்தான். கதவுக்கு எதிரே இருக்கிறது, கூரையை ஒட்டி இருக்கிறது. கதவடியில் நுழையும் உலர்ந்த காற்று தரையோடு வந்து, ஈரச் சுவர்களைத் தடவி, மேலே ஏறி வெளியேறும். சூடான ஈரக்காற்று இயல்பாகவே மேலே போகும் என்பதால் ஃபேனும் உயரத்தில் இருப்பதே முறை. ஃபேனைக் கதவுக்கு மேலேயே வைத்துவிடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே வந்த காற்று வந்த வழியிலேயே திரும்பிவிடும். ஷவர் இருக்கும் கோடியில் ஈரம் அப்படியே கிடக்கும்.

அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எத்தனை அங்குலம் என்று கேட்டு ஃபேன் வாங்குவதுதான் நம் பழக்கம். எத்தனை காற்று என்று கேட்க வேண்டும். குளியலறைக் காற்று மணிக்கு 8 முறையாவது மாற வேண்டும் என்பது கணக்கு. உங்கள் அறை 8, 6, 9 அடிகளைப் பெருக்கினால் 432 கன அடி. எட்டால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 58 கன அடி. மணிக்கு 100 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை எவ்வளவு சிறியதானாலும் நிமிடத்துக்கு 50 கன அடிக்கு, அதாவது மணிக்கு 85 கன மீட்டருக்குக் குறையக் கூடாது. பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் எந்தத் தடையும் இல்லாமல் அளந்த எண். சுவர், வலை, ஷட்டர் எல்லாம் சேர்ந்து அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆகவே தேவையைப்போல ஒன்றரை மடங்காவது எழுதியிருக்கும் ஃபேனைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஃபேனில் 150 கன மீட்டரோ அதற்கு மேலோ குறிப்பிட்டிருந்தால் மாற்ற வேண்டாம்.

ஓராண்டு ஓடிய ஃபேன் என்பதால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு முறை இறகுகளைத் துடைத்துவிடுங்கள். ஈரமும் தூசும் சேர்ந்து இறகின் முன்விளிம்பில் களிபோலப் படிந்திருக்கும். பின்னால் இருக்கும் ஷட்டர் பட்டைகள் விரலால் தள்ளினால் தடையில்லாமல் திறக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது ஃபேனின் வெளிப்பக்கம் கொசுவலை கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். துண்டிலிருந்து உதிரும் பஞ்சு அந்தச் சிறு கண்களில் அடைத்துக்கொள்ளும். சில மாதங்களில் அது வலையாக இருக்காது, துணியாகிவிடும்.

ஃபேனை எவ்வளவு நேரம் ஓட்டுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். குளிக்கத் தொடங்கும்போதே போடுங்கள்; குளித்து முடித்த பிறகு 20 நிமிடமாவது ஓடட்டும். காரணம் இதுதான்: 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 டிகிரியில் 17 கிராம்தான். வெந்நீர்க் குளியலின் ஆவி குளிர்ந்த சுவரைத் தொட்டதும் மிச்சமெல்லாம் நீராகப் படிந்துவிடுகிறது. காற்றில் இருப்பதை ஃபேன் சில நிமிடங்களில் வெளியேற்றிவிடும்; சுவரில் படிந்தது மெல்ல மெல்லத்தான் ஆவியாகும். அதற்காகத்தான் அந்த 20 நிமிடம். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடுகிறதே என்று யாராவது அணைத்துவிடுவார்கள். தானாக நிற்கும் டைமர் சுவிட்ச் வைத்தால் அந்தத் தகராறு இருக்காது. குளித்தவர் கையோடு ரப்பர் துடைப்பத்தால் சுவர்களை மேலிருந்து கீழே ஒரு முறை வழித்துவிட்டால் ஃபேனுக்குப் பாதி வேலை மிச்சம். வெளியே மழை பெய்து காற்றே ஈரமாக இருக்கும் நாட்களில் இது ஃபேனைவிட அதிகம் உதவும்.

மூலையில் வந்திருக்கும் கறுப்புப் புள்ளிகள் பூஞ்சை. ஈரம் தேங்குவதை நிறுத்தாமல் அதைத் துடைத்தால் மீண்டும் வரும். ஆகவே கதவு வேலையை முடித்த பிறகு சுத்தம் செய்யுங்கள். பிளீச்சிங் திரவம் பயன்படுத்தினால் கதவைத் திறந்து வைத்து, ஃபேனை ஓடவிட்டு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு அதை ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய அறையில் அது நுரையீரலைக் கெடுத்துவிடும்.

அப்பாவின் குளியலறை வேறு கதை. அங்கே சுவரில் வைக்கும் இறகு ஃபேன் உதவாது. வெளியே 12 அடி குழாய், வழியில் இரண்டு வளைவுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வளைவும் குறைந்தது 10 அடி நேர்க்குழாய்க்குச் சமமான தடை. ஆக ஃபேனின் பார்வையில் அது 30 அடிக்கு மேற்பட்ட குழாய். சாதாரண இறகு ஃபேன் அதன் முன்னால் சுற்றும், சத்தம் போடும், காற்று நகராது. மையவிலக்கு வகை ஃபேன் அல்லது குழாய்க்கு நடுவில் பொருத்தும் இன்லைன் ஃபேன் வாங்குங்கள். விவரத்தாளில் காற்றின் அளவோடு அழுத்தமும் பாஸ்கலில் கொடுத்திருப்பார்கள். பூஜ்ஜிய அழுத்தத்தில் உள்ள பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். 60 பாஸ்கலில் எவ்வளவு தள்ளுகிறது என்று கேளுங்கள். அந்த எண் உங்கள் தேவைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அறையின் அளவை நீங்கள் எழுதவில்லை. மேலே போட்ட கணக்கை ஃபால்ஸ் சீலிங்குக்குக் கீழ் உள்ள உயரத்தை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

குழாய் 4 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. வழவழப்பான பிவிசி குழாயாக இருக்கட்டும். அலுமினிய நெளிகுழாய் மலிவு, வளைக்கச் சுலபம், அதனால் தொழிலாளர்களுக்குப் பிடிக்கும். அது தொய்ந்த இடத்தில் நீர் தேங்கும், நெளிவுகளில் காற்று தடுமாறும். ஃபேனோடு இணைக்கும் கடைசி ஓர் அடிக்கு மட்டும், நன்றாக இழுத்துக் கட்டிப் பயன்படுத்தலாம். குழாய் முழுவதும் ஷாஃப்டை நோக்கிச் சற்றே தாழ்ந்து போகட்டும். உள்ளே குளிர்ந்து படியும் நீர் வெளியே போய்விடும், ஃபேனின் மோட்டார்மேல் சொட்டாது.

குழாயின் மறுமுனை எங்கே முடிகிறது என்பதில் கண்டிப்பாக இருங்கள். ஈர நாற்றம் போகவே இல்லை என்று கூப்பிட்ட ஒரு வீட்டில் ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையைக் கழற்றினேன். குழாய் 3 அடி போய், அங்கேயே, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் முடிந்திருந்தது. குளியலறையின் ஆவி முழுவதும் அந்த இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. பிளைவுட் சட்டத்தில் விரலை அழுத்தினால் ஊறிய ரொட்டிபோல உள்ளே போனது. கீழே நின்று பார்த்தவர்களுக்கு வெள்ளைச் சீலிங்கும் ஓடும் ஃபேனும் மட்டுமே தெரிந்தன. குழாயைக் கழிவுக்குழாயின் காற்றுக்குழாயோடு இணைத்துவிடுவதும் நடக்கிறது. அதை அனுமதிக்கவே கூடாது, ஃபேன் நிற்கும்போது அந்த வழியாகச் சாக்கடைக் காற்று இறங்கும். ஷாஃப்ட் மேலே வானத்துக்குத் திறந்திருக்கிறதா, கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள். மூடியிருந்தால் அங்கே ஊதுவதில் பயனில்லை. குழாயின் வாய் எந்த ஜன்னலிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். அதில் காற்று திரும்பி வராமல் தடுக்கும் மடிப்பு ஷட்டர் ஒன்றும் வேண்டும்.

சீலிங்கில் ஃபேனின் வாய் ஷவருக்கு மேலே, கதவிலிருந்து தள்ளி வரட்டும். இங்கேயும் கதவடியில் அதே 2 சென்டிமீட்டர். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து குளிப்பவரானால் ஸ்டூல் கதவுக்கும் ஃபேனுக்கும் நேர்கோட்டில் இருக்க வேண்டாம். நனைந்த உடம்பில் அந்தக் காற்று பட்டால் வெடவெடக்கும். பிறகு குளிர்கிறது என்று ஃபேனைப் போடவே மாட்டார். இரண்டு வேகமுள்ள ஃபேன் வாங்கினால் குளிக்கும்போது மெதுவாகவும் அவர் வெளியே வந்த பிறகு வேகமாகவும் ஓட்டலாம். சத்தத்தையும் கவனியுங்கள். வயதானவர்கள் வழுக்கி விழுந்து கூப்பிட்டால் வெளியே கேட்க வேண்டும். இரைச்சலில் அது அமுங்கிப்போகக் கூடாது. சோன் என்ற அலகில் ஒலி அளவு கொடுத்திருந்தால் 1 அல்லது அதற்குக் கீழே தேடுங்கள். இன்லைன் ஃபேனை அறையிலிருந்து தள்ளி, ஷாஃப்டுக்கு அருகில், ரப்பர் தாங்கிகளோடு தொங்கவிட்டால் சத்தம் இன்னும் குறையும். சீலிங்கில் நேராகப் பொருத்தும் ஃபேன் என்றால் பால் பேரிங் வைத்ததாக இருக்கட்டும். தண்டு செங்குத்தாக நிற்கும்போது சாதாரண புஷ் சீக்கிரம் தேய்ந்து, முதலில் முனகும், பிறகு நின்றுவிடும்.

மின்சார வேலையில் சமரசம் வேண்டாம். ஷவர் பகுதியில் தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரத்துக்குள் வரும் சாதனம் நீர்த்தெறிப்பைத் தாங்கும் ஐபிஎக்ஸ்4 தரத்திலாவது இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு மின் விதி. ஃபால்ஸ் சீலிங் தாழ்வாக வந்தால் உங்கள் ஃபேன் அந்த எல்லைக்குள் வந்துவிடும்; உயரமாக வந்தாலும் அதே தரத்தில் வாங்குங்கள். சுற்றுக்கு 30 மில்லிஆம்பியர் மின்கசிவுப் பாதுகாப்புச் சுவிட்ச் வேண்டும். ஃபேனின் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே. அதை விளக்கோடு சேர்த்து, விளக்கை அணைத்த பின்பும் 20 நிமிடம் ஓடி நிற்கும் வகையில் அமைத்துவிட்டால் அப்பா எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஈரப்பதத்தை உணர்ந்து ஓடும் ஃபேனும் கிடைக்கிறது. ஆனால் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும் காலத்தில் அது நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு டைமர்தான் பிடிக்கும்.

ஒப்பந்தக்காரரிடம் ஒரு நிபந்தனையை இப்போதே சொல்லிவிடுங்கள்: குழாயும் ஃபேனும் பொருத்தி முடித்ததும் சீலிங் பலகைகளை மூடக் கூடாது. நீங்கள் வரும்வரை திறந்திருக்கட்டும். வந்ததும் கதவைச் சாத்தி ஃபேனைப் போடச் சொல்லுங்கள். ஒருவர் கதவடியில் டிஷ்யூ காகிதத்தைப் பிடிக்கட்டும். நீங்கள் ஷாஃப்ட் பக்கம் போய்க் குழாயின் வாயில் உள்ளங்கையை வையுங்கள். இங்கே காகிதம் உள்ளே சாய்ந்து, அங்கே கையில் காற்று பட்டால் திறந்த சீலிங்கை இரண்டு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு மூடச் சொல்லுங்கள். ஃபேனுக்கு நேர் கீழே, கையை விட்டுச் சரிபார்க்கும் அளவுக்கு ஒரு சிறு கதவையும் சீலிங்கில் விடச் சொல்லுங்கள்.